உடைத்துப் பார்க்கும் உரிமை

அரக்கோணத்தில் நான் வழக்குரை காதை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவி கேட்டுவிடுவாள்: “சிலம்ப எதுக்கு மேடம் உடைக்கணும்? ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா போதாதா?” போதாது. அரசியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருந்ததால்தானே கோவலன் கொலையுண்டான்.

கண்ணகி செய்வதை நிதானமாகக் கவனியுங்கள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று உடைப்பதற்கு முன்பே சொல்கிறாள். அரசன் தன்னுடையது முத்து என்கிறான். உடைபடும் சிலம்பு அவள் கையில் கொண்டுவந்தது அல்ல. அரண்மனைக் காவலில் இருந்தது. அவள் எதையும் மாற்றி வைத்திருக்க வழியில்லை. அரசன் கண்முன்னேயே அது உடைகிறது. முத்து தெறித்திருந்தால் அவள் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். சாக்குச் சொல்ல அவள் இடம் வைக்கவில்லை. பாண்டியனோ பொற்கொல்லனின் ஒரு சொல்லைச் சோதிக்காமல் ஏற்றவன். சாட்சி சொன்னவனே திருடன். கற்பின் வெற்றியாகவே நமக்குக் கற்பிக்கப்பட்ட இந்தக் காட்சியை நான் விசாரணை முறையின் வெற்றியாக வாசிக்கிறேன்.

இந்த வாசிப்பு எனக்கு வாய்த்தது ஏட்டிலிருந்து அல்ல, ஏமாற்றத்திலிருந்து. 1996-இல் ராஜபாளையம் பக்கத்து இடையன்குளத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளை, மூலிகையையும் தண்ணீரையும் கொதிக்கவைத்துப் பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னபோது நான் பள்ளி மாணவி. முழுசாக நம்பினேன். படிக்காத ஒரு கிராமத்துத் தமிழரை, ஆங்கிலம் பேசும் விஞ்ஞானிகள் மிதிக்கிறார்கள் என்றே தோன்றியது. சந்தேகப்படுவது துரோகம்போல இருந்தது. ஆனால் தண்ணீரில் கார்பன் கிடையாது. எரிபொருளில் உள்ள கார்பன் முழுவதும் அந்தக் கொஞ்சம் இலையிலிருந்து வந்தாக வேண்டும். உள்ளே போன எடையையும் வெளியே வந்த எடையையும் வைத்தே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கிளறும் கோலுக்குள் எரிபொருளை ஒளித்து மெழுகால் அடைத்திருந்தார் என்பதுதான் பிறகு வெளியான விளக்கம். அப்புறம் அவர் விற்ற ‘மூலிகை எரிபொருள்’ பெட்ரோலியப் பொருள்களின் கலவை என்று சி.பி.ஐ. வழக்குத் தொடுத்தது, 2016-இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

எத்தனை பேர் சுற்றி நின்று பார்த்தார்கள் என்பது இங்கே பொருட்டே இல்லை. கோல் யார் கையில் இருந்தது என்பதே கேள்வி. சொந்தக் கோலால் கிளறிக் காட்டுவது செய்முறை விளக்கம். வேறொருவர் தன் பாத்திரத்தில், தன் கோலால், அவர் இல்லாத நேரத்தில் செய்து பார்ப்பதுதான் சோதனை.

பெண்ணியவாதிகளுக்குச் ‘சோதனை’ என்ற சொல்லே கசக்கும். நமக்கு அது தீக்குளிப்பு. பெண் பார்க்கும் சடங்கு. கன்னித்தன்மைக்குக் கேட்கும் சான்று. நம் அனுபவத்தை அதிகாரம் நம்பாததால், அதிகாரம் நம்பாத எவரையும் நம்மில் ஒருவராக எண்ணிவிடுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் பாண்டியன் அவையில் அதிகாரமில்லாதவள் கண்ணகி. சோதனை கேட்டவளும் அவளே. சொல்லுக்கு மதிப்புள்ளவனுக்குச் சோதனை தேவையில்லை, அவன் சொன்னாலே போதும். மதிப்பில்லாதவளுக்குத்தான் அது தேவை.

சென்ற ஆண்டு, திருமணமான ஒரு மாணவி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டப்பாவிலிருந்து லேகியம் எடுத்து விழுங்குவதைப் பார்த்தேன். குழந்தை வேண்டி மாமியார் வாங்கித் தந்ததாம். விற்றவர் சுவரில் குழந்தைகளின் படங்களை வரிசையாக மாட்டியிருக்கிறாராம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். ஆனால் அந்தச் சோற்றைத் தேர்ந்தெடுப்பவர் சமைத்தவராக இருக்கக் கூடாது. லேகியம் தின்றும் பிறக்காதவர்களின் படம் எந்தச் சுவரில் மாட்டப்படும்? தின்னாமலே அதே காலத்தில் கருவுற்றவர்களை யார் எண்ணினார்கள்? டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று வேறு எவர் பார்த்தார்கள்?

குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதியில் ஆணின் உடலுக்கும் பங்குண்டு. விந்துப் பரிசோதனைக்கு ஊசிகூடத் தேவையில்லை. “உன் வீட்டுக்காரர் டெஸ்ட் எடுத்தாரா?” என்று கேட்டேன்.

“அவருக்கு ஒண்ணும் இல்லைன்னு அவங்க அம்மா சொல்லிட்டாங்க மேடம்,” என்றாள்.

அவள் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். கணவன் பக்கம் ஒரு சொல் போதுமானதாக இருந்தது. இவள் பக்கம் எட்டு மாதமாக லேகியம். வரும் ஆண்டு வழக்குரை காதையை நடத்தும்போது, சிலம்பை ஏன் உடைக்க வேண்டும் என்று எவளும் கேட்காவிட்டாலும் நானே கேட்கப்போகிறேன்.