பத்து ரூபாய் பாட்டிலும் இரண்டு ரூபாய் பாக்கெட்டும்

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைக் கைவிட்ட பள்ளி, கல்லூரி, வணிக நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து 10 லட்சம், 5 லட்சம், 3 லட்சம் ரூபாய் என்று மஞ்சப்பை விருது கொடுக்கிறது தமிழ்நாடு அரசு. வாங்குகிறவர்கள் தகுதியானவர்கள்தான். குப்பையைக் குறைப்பது யார் கடமை என்ற கேள்விக்கு அந்த விருது சொல்லும் விடைதான் தவறு.

மஞ்சப்பையோடு பட்டணத்தில் இறங்குகிறவனை ஏளனமாகப் பார்த்த காலம் இருந்தது. 2021 டிசம்பரில் முதலமைச்சரே மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கிவைத்ததும் அந்த வெட்கம் கழன்றது; இது சிறிய சாதனை அல்ல. அதற்கு முன்பே, 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தபோது, பார்சல் வாங்கத் தூக்குவாளியோடு போனவர்களை நானே பார்த்தேன். மக்கள் மாறத் தயாராக இருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தத் துணிப்பைக்குள் வீட்டுக்கு வருவது என்ன? சிப்ஸ், பிஸ்கட், மசாலாத்தூள், சோப்புத்தூள், ஷாம்பு. எல்லாம் பாக்கெட்டில். பெட்டிக்கடைக்கு அதிகாரிகள் வருகிறார்கள், கேரி பேக் கட்டைப் பறிமுதல் செய்கிறார்கள், அபராதம் போடுகிறார்கள். அதே கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளை அவர்கள் தொடுவதில்லை. கடைக்காரர் தண்டிக்கப்படுகிறார், பாக்கெட்டை அடைத்து அனுப்பியவர் அந்தத் தெருவுக்கு வரவேண்டிய அவசியமே இல்லை.

‘தரம் பிரித்துக் கொடுங்கள்’ என்று நம்மிடம் சொல்கிறார்கள். கொடுக்கிறோம். பால் கவரைக் காயலான் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். சிப்ஸ் பாக்கெட்டைச் சீந்தமாட்டார். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டிய படலம் அது. பிரித்தெடுக்கும் செலவுக்கு அதில் ஒன்றும் தேறாது. எவ்வளவு கழுவி, காயவைத்து, தனிப் பையில் கட்டிக் கொடுத்தாலும் அது குப்பைமேட்டுக்கோ சிமென்ட் ஆலைச் சூளைக்கோதான் போகும். விற்க முடியாத அந்தப் பொருளைப் பொறுக்கி எடுக்கும் வேலை மட்டும் தூய்மைப் பணியாளருடையது.

மாற்று வழி நம் கையிலேயே இருக்கிறது. மலைக்காடுகளில் உடைந்து கிடக்கும் மதுபாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிப்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்த பிறகு, 2022இல் நீலகிரியில் ஓர் ஏற்பாடு தொடங்கியது. டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் 10 ரூபாய் கையில். பாட்டில்கள் திரும்பின. திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. இடமும் ஆளும் போதவில்லை என்று கடை ஊழியர்கள் முறையிட்டது நியாயம். அதை அரசு சரிசெய்ய வேண்டும். ஆனாலும் எந்த விழிப்புணர்வுப் பேரணியும் சாதிக்காததை ஒரு பத்து ரூபாய் சாதித்தது. போவண்டோ பாட்டிலைக் காலிசெய்து கடையிலேயே கொடுத்துவிட்டு வந்த தலைமுறைக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை.

உற்பத்தியாளர் பொறுப்பு சட்டத்திலேயே இருக்கிறதே என்பார்கள். 2022இல் மத்திய அரசு விரிவான வழிகாட்டு நெறிகளும் வெளியிட்டது. ஆனால் கணக்கு நாடு முழுமைக்கும் பொதுவானது. சான்றிதழை விலைக்கு வாங்கியும் கடமையை முடித்துக்கொள்ளலாம். தேனியில் விற்ற பாக்கெட்டுக்கு ஈடாக வேறு மாநிலத்தில் எங்கோ ஒரு டன் பிளாஸ்டிக் மறுசுழற்சி ஆனால் கணக்கு நேராகிவிடும். தேனியின் சாக்கடையில் அடைத்த பாக்கெட் அங்கேயே கிடக்கும்.

சாஷே எனும் சிறு பாக்கெட் ஏழைகளின் பொருள், அதில் கைவைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவைச் சாஷேயில் அடைத்து எளியவர்களின் குளியலறைக்குக் கொண்டுபோனது உண்மையாகவே பெரிய காரியம். ஏழைக்குத் தேவை சிறிய அளவும் சிறிய விலையும். அதற்கு மக்காத உறைதான் வேண்டும் என்று யார் சொன்னது? நல்லெண்ணெய்க்குக் கிண்ணம் கொண்டுபோய் அரைக்கால் படி வாங்கிய ஊர் இது. கடையில் ஒரு குழாய் வைத்து ஷாம்பூவை அளந்து ஊற்றும் செலவை நிறுவனங்கள் ஏற்கட்டும். முடியாதென்றால் வெறும் பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்கட்டும். அடுத்த விருது விழாவுக்கு முன் அரசு உட்கார்ந்து பேசவேண்டியது பள்ளித் தலைமையாசிரியர்களோடு அல்ல, அந்த நிறுவனங்களோடு.