சினம் தவிர்த்தல்: பட்டியலில் இல்லாத ஒரு பத்தி

கோபக்காரர்களுக்கு நாம் சொல்லும் அறிவுரை எல்லாம் கோபம் வந்த பிறகு செய்ய வேண்டியவை. பத்து வரை எண்ணு, ஒரு டம்ளர் தண்ணீர் குடி, அந்த இடத்தை விட்டு எழுந்து போ. அந்த நேரத்தில் இவை நினைவுக்கு வருவதில்லை என்பதுதான் சிக்கல். வேதாத்திரி மகரிஷி வகுத்த மனவளக்கலையில் உள்ள ‘சினம் தவிர்த்தல்’ பயிற்சி வேறு இடத்தில் தொடங்குகிறது. மனம் அமைதியாக இருக்கும் ஒரு வேளையில், கையில் தாளும் பேனாவும் கொடுத்து உட்கார வைக்கிறது. உங்களுக்கு யார் யார் மீது கோபம் வருகிறது, எதற்காக வருகிறது, அந்தக் கோபத்தால் விளைந்தது என்ன என்று எழுதச் சொல்கிறது.

தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கும் மனவளக்கலை மன்றங்களில் இந்தப் பாடத்தைப் படித்தவர்கள் ஏராளம். எளியமுறை உடற்பயிற்சி, தவம், காயகல்பம் ஆகியவற்றோடு ‘அகத்தாய்வு’ என்ற பகுதியில் இது வருகிறது. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், கவலை ஒழித்தல், நான் யார் ஆகியவை உடன் வரும் மற்ற பாடங்கள். இதை வகுத்தவர் துறவி அல்லர் என்பதை மறந்துவிடக் கூடாது. 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர், தறியோடும் வணிகத்தோடும் பாடுபட்டவர், குடும்பஸ்தர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கி, 2006இல் மறையும் வரை அவர் பேசிக்கொண்டிருந்தது பெரும்பாலும் வீட்டுக்குள் நடக்கும் வாழ்க்கையைப் பற்றி. சினம் பற்றிய பாடத்தில் அந்த அனுபவம் தெரிகிறது.

அந்தப் பட்டியலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒரு இல்லத்தரசி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதல் பெயர் கணவர்: ஊருக்குப் போவதையோ, பணம் கொடுத்ததையோ கடைசி நிமிடத்தில் சொல்வது. இரண்டாவது மகன்: மூன்று முறை கூப்பிட்டாலும் செல்போனிலிருந்து தலை தூக்காதது. மூன்றாவது மாமியார்: வந்தவர்கள் முன்னால் சமையலைக் குறை சொல்வது. நான்காவதாக அவர் தயங்கித் தயங்கி எழுதக்கூடிய பெயர் தன்னுடையதே. எழுதி முடித்ததும் ஒன்று தெளிவாகிறது. பக்கத்துத் தெருக்காரரோ, பேருந்தில் இடித்தவரோ, அரசியல்வாதியோ இந்தத் தாளில் இல்லை. நாம் அதிகம் கோபப்படுவது நமக்கு அதிகம் வேண்டியவர்களிடம். வேதாத்திரி தம் பாடத்தில் அழுத்திச் சொன்னதும் இதைத்தான். எழுதிப் பார்க்கும் வரை பலருக்கு இது உறைப்பதில்லை.

அடுத்த படி, பட்டியலில் ஒருவரை எடுத்துக்கொண்டு, குறிப்பிட்ட காலத்துக்கு அவர் என்ன செய்தாலும் சினங்கொள்வதில்லை என்று தீர்மானிப்பது. அவர் எந்த இடத்தில் நம்மைச் சீண்டுவார் என்று முன்கூட்டியே தெரியும். அந்தக் கட்டம் வரும்போது எப்படி நடந்துகொள்வோம் என்பதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொள்வது. கூடவே, தவம் முடிந்ததும் அவர் பெயரைச் சொல்லி ‘வாழ்க வளமுடன்’ என்று வாழ்த்துவது. தவறினால் மறுபடி தொடங்குவது. இவ்வளவுதான் பயிற்சி. செலவு இல்லை, கருவி இல்லை, படித்தவர் படிக்காதவர் என்ற பாகுபாடு இல்லை.

இந்த முறை ஏன் பலிக்கிறது என்று உளவியல் பக்கமிருந்து பார்த்தால் நல்ல காரணங்கள் கிடைக்கின்றன. ‘இன்ன நிலைமை வந்தால் இன்னது செய்வேன்’ என்று முன்பே முடிவு கட்டி வைத்தவர்கள், பொதுவாக ‘இனி ஒழுங்காக இருப்பேன்’ என்று உறுதி எடுத்தவர்களைவிட அதிகம் சாதிக்கிறார்கள் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டின. சினம் தவிர்த்தல் அதையே செய்கிறது: இன்ன ஆள், இன்ன சொல், இன்ன பதில். இன்னொரு பக்கம், ‘உள்ளே வைத்துக்கொள்ளாதே, கொட்டித் தீர்த்துவிடு’ என்பது நம் காலத்தின் செல்லமான அறிவுரை. அது பயன் தருவதில்லை. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட சோதனையில், தம்மைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துமூட்டையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கே குறைவாக இருந்தது. சோஃபி ஷார்விக்கும் புஷ்மனும் 154 ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வந்த அலசலும் அதையே சொன்னது: உடலின் பரபரப்பைத் தணிக்கும் மூச்சுப்பயிற்சி, தியானம், யோகம் போன்றவை கோபத்தைக் குறைக்கின்றன, கொட்டித் தீர்ப்பது குறைப்பதில்லை. கோபத்தைத் தணிக்க ஓடப் போவதுகூட உதவவில்லை. தவத்தையும் பட்டியலையும் ஒன்றாகக் கோத்த மனவளக்கலை, இந்த ஆய்வுகளுக்கெல்லாம் முன்பே சரியான பாதையில் நின்றது என்பதை மனமாரப் பாராட்ட வேண்டும்.

வாழ்த்து பற்றி எனக்கு அந்த அளவு உடன்பாடு இல்லை. வாழ்த்தும் எண்ணம் அலையாகப் பரவி, மற்றவரின் மூளையில் ஊடுருவி, அவரை மாற்றும் என்று மன்றங்களில் விளக்குகிறார்கள். மோதுதல், பிரதிபலித்தல், ஊடுருவுதல் என்று அலைக்கு இயற்பியல் சாயலில் இயல்புகளும் சொல்லப்படுகின்றன. எண்ணம் அப்படிப் பயணம் செய்வதாக எந்த அளவீடும் நிறுவவில்லை. வாழ்த்துபவரிடம் மாற்றம் நடக்கிறது என்பது வேறு விஷயம், அதை மறுக்க முடியாது. காலையில் ஒருவரை மனதார வாழ்த்திவிட்டு வந்தவரின் குரல், பத்து மணிக்கு அவரிடம் பேசும்போது அரை மாத்திரை தாழ்ந்திருக்கும். குரல் தாழ்ந்தால் எதிரே இருப்பவரும் தணிவார். இந்த எளிய விளக்கமே போதுமானது. அலைக் கணக்கு சொல்வதில் ஒரு தீங்கும் உண்டு. நான் இவ்வளவு வாழ்த்தியும் அவர் மாறவில்லையே என்றால், என் வாழ்த்தில்தான் குறை என்று பயிற்சியாளர் தன்னையே நொந்துகொள்ள அது வழி விடுகிறது.

இங்கேதான் பயிற்சியின் பெரிய குறைக்கு வருகிறேன். பட்டியலில் பெயர் இருக்கிறது, காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் நியாயமானதா என்று கேட்கும் பத்தி இல்லை. மகன் செல்போன் பார்ப்பதும், கணவர் சம்பளத்தை வீட்டுக்குத் தராமல் குடிப்பதும் அந்தத் தாளில் ஒரே வரிசையில் நிற்கின்றன. இரண்டுக்கும் மருந்து ஒன்று: நீ கோபப்படாதே, வாழ்த்து. முதலாவதற்கு அது சரி. இரண்டாவதில் அந்தப் பெண்ணின் கோபம், ஏதோ தவறு நடக்கிறது என்று அவருக்கே தெரிவிக்கும் செய்தி. செய்தியைப் படிக்காமல் கிழித்துப் போடக் கற்றுக்கொடுத்தால் தவறு அப்படியே தொடரும், அதைத் தட்டிக் கேட்கும் ஒரே குரலும் அடங்கிவிடும்.

வேதாத்திரி சினத்தை அடக்கச் சொல்லவில்லை, ஆராய்ந்து கரைக்கத்தான் சொன்னார் என்று அன்பர்கள் பதில் சொல்வார்கள். உண்மைதான். அடக்குவதற்கும் கரைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் நன்றாகவே அறிந்திருந்தார். ஆனால் வகுப்பை முடித்து வீடு திரும்பும் எல்லோராலும் கரைக்க முடிவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பதையே ‘நான் இப்போதெல்லாம் கோபப்படுவதில்லை’ என்று நம்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அதற்கு உடல் விலை கொடுக்கிறது. ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளர், உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் மறைப்பவர்களின் உடலில் பதற்றம் குறையவில்லை, ஏறுகிறது என்று 1990களில் காட்டினார். அவரும் எமிலி பட்லரும் சேர்ந்து 2003இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது: உரையாடும் இருவரில் ஒருவர் உணர்ச்சியை மறைத்தால், எதிரே அமர்ந்திருப்பவரின் ரத்த அழுத்தமும் உயர்ந்தது. அடக்கிய கோபம் வீட்டுக்கு அமைதி தருவதில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இல்லறத்துக்கு வேதாத்திரி சொன்ன மூன்று பண்புகள் மன்றத்தினருக்கு மனப்பாடம்: விட்டுக்கொடுத்தல், அனுசரித்துப் போதல், பொறுத்துப் போதல். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்தே அவர் இவற்றைச் சொன்னார். ஆனால் நம் வீடுகளில் இந்த மூன்றையும் பிறந்தது முதல் கேட்டு வளர்பவர் யார்? காலையில் மன்றத்துக்கு வந்து தவம் செய்யும் மனைவியும், ‘இதெல்லாம் உனக்குத்தான் தேவை’ என்று வீட்டில் இருந்துவிடும் கணவரும் அபூர்வமான ஜோடி அல்லர். கோபத்தால் யாருக்கு அதிகக் கேடு செய்ய முடிகிறதோ அவர் வகுப்புக்கு வருவதில்லை. ஏற்கெனவே பொறுத்தவர் மேலும் பொறுக்கப் படிக்கிறார். திருக்குறளின் வெகுளாமை அதிகாரம் தொடங்குவதே வேறு மாதிரி. தன் சினம் பலிக்கும் இடத்தில் அதைத் தடுப்பவனைத்தான் வள்ளுவர் முதலில் பேசுகிறார். பலிக்காத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்று கேட்டுவிடுகிறார். அதிகாரம் உள்ளவனுக்குச் சொன்ன அறம் அது. மன்றத்தின் பாடத்தில் இந்த அழுத்தம் தளர்ந்துபோய், எல்லோருக்கும் ஒரே அளவுச் சட்டையாகிவிட்டது.

கவலை ஒழித்தலிலும் இதே ஓட்டை இருக்கிறது. சிக்கல்களை நான்காகப் பிரிக்கச் சொல்கிறார்கள்: அனுபவித்தே தீர வேண்டியவை, அலட்சியப்படுத்த வேண்டியவை, தள்ளிப் போட வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. கடன், வேலை, உடல்நலம் என்று தலைக்குள் சுற்றுவதையெல்லாம் பிரித்து வைக்க இதைப்போல் உதவும் கருவி வேறு எனக்குத் தெரியாது. ஆனால் எந்தச் சிக்கலை எந்தப் பகுதியில் வைப்பது என்று யார் முடிவு செய்வது? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். மன்ற வகுப்பில் முப்பது பெண்கள் உட்கார்ந்திருந்தால் அவர்களிலும் அப்படிப்பட்டவர் இருக்கவே வாய்ப்பு அதிகம். கர்மவினை பற்றிய பேச்சும் அதே வகுப்பில் நடக்கும்போது, அவர் அந்த அடியை ‘அனுபவித்தே தீர வேண்டிய’ பகுதியில் எழுதிவிடுவது எளிது. எழுதியதை யாரும் பார்ப்பதில்லை, திருத்துவதும் இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. மனைவியின் உழைப்பை மதிக்கச் சொன்னதில் வேதாத்திரிக்கு நிகராக நம் ஆன்மிக ஆசிரியர்கள் பலரைச் சொல்ல முடியாது. தம் மனைவி லோகாம்பாள் பிறந்த நாளான ஆகஸ்ட் 30ஐ ‘மனைவி நல வேட்பு நாள்’ ஆக்கினார். அன்று மன்றங்களில் தம்பதியர் எதிரெதிரே அமர்ந்து, மலரும் கனியும் பரிமாறி, ஒருவரை ஒருவர் வாழ்த்துகிறார்கள். திருமணமாகி முப்பது ஆண்டுகளில் மனைவியின் முகத்தைப் பார்த்து நன்றி என்று சொல்லாத ஆண்கள் அன்று சொல்கிறார்கள்; கண் கலங்காத பெண்கள் குறைவு. அந்த நாளின் நோக்கம் சினம் தவிர்த்தல் தாளுக்குள்ளும் வந்திருக்க வேண்டும்.

எப்படி வரலாம் என்று எனக்கொரு யோசனை. பட்டியலில் ஒரு பத்தியைக் கூட்டினால் போதும்: ‘இதை அவரிடம் நேரில் சொன்னேனா?’ வாழ்த்துவதற்கு முன்னால் அல்லது பின்னால், கோபம் தணிந்த குரலில், குறை சொல்லாமல் கோரிக்கையாகச் சொல்வது. சினம் தவிர்ப்பதன் பயனே அப்படிப் பேச முடிவதுதான். பேசாமல் வாழ்த்தி மட்டும் வந்தால், அடுத்த ஆண்டுப் பட்டியலிலும் அதே பெயர், அதே காரணம்.

பயிற்சியை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. குழந்தையிடம் எரிந்து விழுகிறவரும், அலுவலகக் கோபத்தை வீட்டில் இறக்குகிறவரும், வயதான பெற்றோரிடம் பொறுமை இழக்கிறவரும் இன்று மாலையே ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்க்கலாம். குறிப்பாக, வீட்டில் தன் சொல்லுக்கு எதிர்ச்சொல் இல்லாத ஆண்கள் எழுத வேண்டும். மன்ற ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: பட்டியல் எழுதச் சொல்லும்போதே, கை ஓங்குகிறவரின் பெயரை இதில் எழுத வேண்டாம், அது பொறுமையால் தீர்க்கும் விஷயம் அல்ல என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, 181 என்ற இலவச உதவி எண் இருக்கிறது என்று கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்.