பொருத்தத்துக்கு என்ன விலை?

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரி அந்நாட்டுத் துப்பாக்கிச்சுடுநர்களுக்குப் புனிதத் தலம். அங்கே நடக்கும் பிஸ்டல் போட்டியில் ஒற்றைக் கையை நீட்டி, 50 கஜத்துக்கு அப்பால் 3.36 அங்குல விட்டமே உள்ள பத்துப் புள்ளி வட்டத்துக்குள் குண்டைச் செலுத்த வேண்டும். ராணுவத்துக்கென்று செய்யப்பட்ட கோல்ட் 1911 பிஸ்டலால் அதை நம்பிச் செய்ய முடியாது. சேறும் மணலும் புகுந்தாலும் அது ஓட வேண்டும், ஒன்றின் உதிரி இன்னொன்றுக்குச் சேர வேண்டும். அதற்காகப் பாகங்களுக்கு நடுவே தாராளமாக இடைவெளி விட்டிருந்தார்கள். அந்த இடைவெளியைக் கையால் ஒழித்தவர்கள்தான் 1950, 60களின் துப்பாக்கிக் கம்மியர்கள்.

அவர்களில் லூசியானாவின் ஜிம் கிளார்க் தனித்துத் தெரிகிறார். ராணுவ அணிகள் கோலோச்சிய களத்தில் 1958இல் தேசிய சாம்பியனான, ராணுவத்தைச் சேராத ஒருவர் அவர். பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகமான ஸ்லைடுகள் இரண்டை வெட்டிப் பற்றவைத்து நீளமான ஒன்றாக்கினார். முன்சைட்டும் பின்சைட்டும் விலகி நின்றதால் குறி பார்ப்பது துல்லியமானது. அவர் கைபட்ட பிஸ்டல்களுக்கு இன்று கூடுதல் விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

அந்தத் துல்லியம் எதில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஸ்லைடு ஓடும் அடிச்சட்டமான ஃப்ரேமின் தடங்களைத் தட்டி நெருக்கி, ஸ்லைடை அரைப்பசை தடவி உரசி இழைத்தார்கள். குழலின் முனையைப் பிடித்திருக்கும் வளையமான புஷிங்கை இறுகப் பொருத்தினார்கள். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் குழல் அதே இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். மொத்த வித்தையும் அதுதான். ஆனால் இரும்பும் இரும்பும் உரசினால் தேயும். பல்லாயிரம் தோட்டாக்கள் சுட்ட பழைய பிஸ்டலில் கம்மியரின் முத்திரை அப்படியே இருக்கும், அவர் செய்த பொருத்தம் போயிருக்கலாம். முத்திரைக்கு மட்டும் பணம் கொடுப்பவர் இல்லாத ஒன்றை வாங்குகிறார்.

அதைவிடக் கசப்பான கணக்கு ஒன்று உண்டு. 1930களில் கோல்ட் தொழிற்சாலையே விற்ற 'நேஷனல் மேட்ச்' பிஸ்டலைத் துளையிட்டு, புது சைட் பூட்டி, மறுபடி நீல மெருகு ஏற்றியிருந்தால் சேகரிப்பாளர் அதைத் தொட மாட்டார். மாற்றாத பிஸ்டலின் விலையை அதற்குச் சொல்வது தவறு. பழைய நிலைக்குத் திருப்புகிறேன் என்று கிளம்புவது அதைவிடப் பெரிய தவறு. கம்மியரின் வேலையும் அதோடு அழியும்.

அப்படியானால் எதை நம்புவது? விற்கும்போது சில கம்மியர்கள் கூடவே கொடுத்த சோதனை இலக்குத் தாள், பட்டறையின் ரசீது, கடிதம். இவை இருந்தால் பெயருக்கும் ஒரு மதிப்பு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்தத் தாள் அன்றைய சாட்சி. பிடிகருவியில் பூட்டி 50 கஜத்தில் இன்று பத்துத் தோட்டா சுட்டுப் பார்க்காமல் முழு விலை பேசக் கூடாது. சுட்டவை பத்துப் புள்ளி வட்டத்துக்குள் அடங்கினால் கேட்ட விலை நியாயம்தான். சிதறினால், புதுக் குழலும் புஷிங்கும் பொருத்த ஆகும் கூலியைக் கழித்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும்.

வாங்கியவர் அதைப் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டியதில்லை. மென்மையான போட்டித் தோட்டாவுக்கென்று வலுக்குறைந்த சுருள்வில் போட்ட பிஸ்டலில் 230 கிரெய்ன் ராணுவத் தோட்டாவைச் சுடாமல் இருந்தால் போதும். அந்த அடியைத் தாங்கும்படி அது இழைக்கப்படவில்லை.