பழைய லேப்டாப்பிலிருந்து புதியதற்கு: எந்த வழி நம்பகமானது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறாததால் புதியது வாங்கியவர்கள் பலர். வாங்குவது ஒரு நாள் வேலை. பல வருடப் படங்களையும் ஆவணங்களையும் ஒன்றுகூட விடுபடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரிய வேலை. விண்டோஸ் 7-இல் இதற்கென்றே இருந்த 'ஈஸி டிரான்ஸ்ஃபர்' வசதி விண்டோஸ் 10-இல் இல்லை. இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன்.

கிளவுட்: கூகுள் டிரைவில் இலவசமாக 15 ஜிபி, ஒன்டிரைவில் 5 ஜிபி கிடைக்கிறது. பணம் கட்டி இடம் வாங்கினாலும் நேரம் இடிக்கும். 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால்கூட 200 ஜிபியை மேலே ஏற்ற நாலரை மணி நேரம், கீழே இறக்க இன்னொரு நாலரை மணி நேரம். முக்கியமான கோப்புகளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ள நல்லது. மொத்தத்தையும் மாற்ற உதவாது.

வைஃபை: லோக்கல்சென்ட் இலவசச் செயலி. இரண்டு லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும், இன்டர்நெட் தேவையில்லை. பத்து இருபது கோப்புகளுக்கு அருமை. ஆயிரக்கணக்கில் கோப்புகள் உள்ள ஃபோல்டர்களுக்கு இதை நம்பி உட்கார வேண்டாம்.

எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி: என் தேர்வு இதுதான். ஆனால் எந்தத் துளையில் செருகுகிறீர்கள் என்பதைப் பாருங்கள். பழைய லேப்டாப்புகளில் யுஎஸ்பி 2.0, 3.0 இரண்டும் அருகருகே இருக்கும். உள்ளே நீல நிறப் பட்டை தெரிந்தால் பெரும்பாலும் அது 3.0. யுஎஸ்பி 2.0 நடைமுறையில் விநாடிக்கு 30 முதல் 40 எம்பிதான் தரும்; 200 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். 3.0-இல், உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க் என்றாலும் அரை மணி, முக்கால் மணியில் முடிய வாய்ப்புண்டு. இந்தக் கணக்கு பெரிய கோப்புகளுக்கு. சின்னச் சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்தால் ஒவ்வொன்றையும் திறந்து, எழுதி, மூட வேண்டியிருப்பதால் வேகம் படுத்துவிடும். டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ ஏறவே ஏறாது. விண்டோஸிலிருந்து விண்டோஸுக்கு என்றால் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.

இனி, எதைக் கொண்டு காப்பி செய்வது? மவுஸால் இழுத்துப் போட்டால், நடுவில் ஒரு கோப்பு தகராறு செய்ததும் பெட்டி ஒன்று எழும்பி, நீங்கள் பதில் சொல்லும்வரை காத்திருக்கும். ரோபோகாப்பி அப்படி நிற்காது. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸோடு வரும் இலவசக் கருவி இது. கமாண்ட் பிராம்ப்டில் அதன் பெயர், எடுக்கும் ஃபோல்டர், வைக்கும் ஃபோல்டர், பிறகு 'ஸ்லாஷ் இ' என்று தட்டினால் உள்ஃபோல்டர்கள் எல்லாம் போய்ச் சேரும். 'ஸ்லாஷ் எக்ஸ்ஜே' கட்டாயம் சேருங்கள்; இல்லாவிட்டால் யூசர் ஃபோல்டருக்குள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றும். திறக்காத கோப்பை விட்டுவிட்டு நகர 'ஸ்லாஷ் ஆர்' எண்ணிக்கையை 2 என்றும், 'ஸ்லாஷ் டபிள்யூ' எண்ணிக்கையை 5 என்றும் வையுங்கள். தானாக விட்டால் அது 30 விநாடி இடைவெளியில் பத்து லட்சம் முறை முயலும்! 'ஸ்லாஷ் மிர்' பக்கம் மட்டும் போக வேண்டாம். மூலத்தில் இல்லாத கோப்புகளைச் சேருமிடத்தில் அழித்துவிடும்.

முடிந்ததும் கடைசியில் ஒரு அட்டவணை வரும். அதில் 'ஃபெயில்டு' என்ற நெடுவரிசையில் 0 இருக்க வேண்டும். நடுவில் கரன்ட் போனால் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் போதும். போய்ச் சேர்ந்தவற்றை விட்டு மீதியை மட்டும் எடுக்கும். இந்த ஒன்றுக்காகவே இதைப் பழகலாம்.

லேப்டாப் உயிர் விட்டிருந்தால்: உள்ளிருக்கும் டிரைவைக் கழற்றி வெளி உறையில் போட்டுப் படிக்கலாம். டிரைவ் சாட்டாவா, என்விஎம்இ-யா என்று பார்த்து அதற்கேற்ற உறை வாங்குங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

மறந்துபோகிறவை: தமிழில் எழுதுகிறவர்கள் முதலில் எழுத்துருக்களை எடுங்கள். பாமினி, டேப், டேம் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத லேப்டாப்பில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரோடு, யூசர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டாவிலும் தேடுங்கள். அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பும் கண்ணில் படாமல் போகும். ஒன்டிரைவ் ஃபோல்டரில் மேகச் சின்னம் உள்ளவை உங்கள் டிஸ்க்கில் இல்லவே இல்லை. முதலில் அவற்றை இறக்கிக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு: பெரும்பாலோருக்கு என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியும் ரோபோகாப்பியும் போதும், தனி மென்பொருளுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. எல்லாம் வந்த பிறகும் ஒரு மாதத்துக்குப் பழைய லேப்டாப்பை அழிக்காதீர்கள், விற்காதீர்கள். அந்த எஸ்எஸ்டியில் இருப்பதையும் அப்படியே விட்டுவையுங்கள். அதுவே உங்கள் பேக்கப்.