மேகிக்குத் தைக்கத் தெரியும்

ஆலிஸ் வாக்கரின் 'எவ்ரிடே யூஸ்' (1973) சிறுகதையைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், பேச்சு ஒரே தீர்ப்பில் போய் முடிந்துவிடுகிறது. டீ போலி, மேகி நல்லவள், அம்மா செய்ததுதான் சரி. கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தத் தீர்ப்பு ரொம்பச் சுலபமாகக் கிடைத்துவிடுகிறதே என்பதுதான் என் உறுத்தல்.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம். அமெரிக்கத் தெற்கில், கிராமத்தில் ஒரு கறுப்பினக் குடும்பம். அம்மாதான் கதை சொல்கிறாள். வெளியூர் போய்ப் படித்த மூத்த மகள் டீ, வாங்கெரோ என்று பேரை மாற்றிக்கொண்டு, போலராய்டு கேமராவோடு வந்து இறங்குகிறாள். வெண்ணெய் கடைகிற ஜாடியின் மூடி வேண்டும், மத்து வேண்டும் என்கிறாள். கடைசியில் அவள் கண் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு குவில்ட் மேல் விழுகிறது.

குவில்ட் என்பது மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தையலோடிய கனத்த போர்வை. மேல்துணி பெரும்பாலும் பழைய உடுப்புகளின் ஒட்டு. கதையில் வருவது பாட்டியின் கவுன், தாத்தாவின் சட்டை, உள்நாட்டுப் போருக்குப் போன கொள்ளுத்தாத்தாவின் சீருடையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு. நம் பேச்சில் 'ஒட்டுப் போட்டது' என்றாலே இல்லாமையின் அடையாளம். டீயும் முன்பு அப்படித்தான் நினைத்தாள். கல்லூரிக்குப் போகும்போது அம்மா ஒன்றைக் கொடுக்க, பழைய ஃபேஷன் என்று வேண்டாமென்றவள் அவள். இப்போது அதையே சுவரில் மாட்ட வேண்டும் என்கிறாள். தங்கை மேகியிடம் போனால் தினமும் போர்த்திக் கிழித்துவிடுவாளாம். அம்மா அவள் கையிலிருந்து பிடுங்கி மேகியின் மடியில் போடுகிறாள்.

இந்தச் சண்டையில் ஒரு பதிலை நாம் அவசரமாகத் தாண்டிவிடுகிறோம். கிழிந்தால் கிழியட்டும், மேகி இன்னொன்று தைத்துக்கொள்வாள், அவளுக்குத் தைக்கத் தெரியும் என்கிறாள் அம்மா. கற்றுக்கொடுத்தது பாட்டியும் பெரியம்மாவும். என் வாசிப்பில் கதையின் அச்சாணி இதுதான். கையால் தைத்தது என்று டீ சிலாகிக்கிறாள். ஆனால் அந்தக் கைவேலை அவள் கைக்கு வரவில்லை. அவளுக்கு இருப்பது இரண்டே இரண்டு போர்வை, அதனால்தான் பயம். மேகிக்கு அந்தப் பயம் கிடையாது.

இதுவரை நான் வாக்கரோடு போகிறேன். ஆனால் கதை நமக்குத் தருவது சுவர், கட்டில் என்று இரண்டே வழி. ஒருவேளை மேகிக்குப் பணமுடை வந்து, போர்வையை விற்க வேண்டியிருந்தால்?

ஹேரியட் பவர்ஸுக்கு அந்த நிலை வந்தது. 1837இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் காட்சிகளைத் துணியில் வெட்டித் தைத்த அவரது குவில்ட் 1886இல் ஏதென்ஸ் நகரத்துச் சந்தையில் காட்சிக்கு வந்தது. ஒரு வெள்ளைக்கார ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டபோது மறுத்துவிட்டார். சில ஆண்டுகளில் கஷ்டம் நெருக்கியது. 10 டாலர் கேட்டு, 5 டாலருக்குக் கொடுத்தார். பிறகு அதைப் பார்க்க அவர் பலமுறை போய்வந்தாராம். ஒவ்வொரு கட்டத்துக்கும் அவர் சொன்ன விளக்கத்தை அந்த ஆசிரியை எழுதி வைத்ததால்தான் இன்று நமக்கு அது தெரிகிறது. குவில்ட் இப்போது ஸ்மித்சோனியனில் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கதை வந்த மறு வருஷம், 1974இல், வாக்கர் 'இன் சர்ச் ஆஃப் அவர் மதர்ஸ் கார்டன்ஸ்' கட்டுரையை எழுதுகிறார். அதில் ஸ்மித்சோனியன் சுவரில் தொங்கும் ஒரு குவில்ட்டைப் பற்றி வியந்து சொல்கிறார். செய்தவர் அலபாமாவைச் சேர்ந்த, பேர் தெரியாத ஒரு கறுப்பினப் பெண் என்பதே அதன் குறிப்பு. அது பவர்ஸின் குவில்ட்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியென்றால் சுவர் அந்தத் துணியைக் காப்பாற்றியது, கூடவே பேரையும் ஊரையும் தொலைத்தது. டீயைக் கிண்டலடித்த அதே எழுத்தாளருக்கு அந்தச் சுவரும் தேவைப்பட்டிருக்கிறது. இதை நான் முரண்பாடாகப் பார்க்கவில்லை. கதை பேசாமல் விட்ட பாதியை அவர் கட்டுரையில் எழுதியிருக்கிறார்.

மிச்சத்தைச் சொல்ல ஒரு ஊர் இருக்கிறது. அலபாமாவில், மூன்று பக்கமும் ஆறு சூழ்ந்த ஜீஸ் பெண்ட். கறுப்பின மக்கள் வாக்குரிமை கேட்கத் தொடங்கிய காலத்தில், 1962இல், படகுச் சேவை நிறுத்தப்பட்டது. திரும்ப வர 2006 ஆனது. 1966இல் அந்த வட்டாரப் பெண்கள் 'ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ' என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். பெரிய கடைகளின் ஆர்டர் வந்தது. எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி, ஒரே சீரான தையல். கூலி கிடைத்தது. கைக்குப் பழகிய சுதந்திரம் அந்த வேலையில் குறைந்தது. 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்காகக் கார்டுராய் தலையணை உறை தைத்தார்கள். மிஞ்சிய வெட்டுத்துண்டு வீட்டுக்குப் போய், எந்த ஆர்டரிலும் இல்லாத அழகான குவில்ட்களாக மாறியது. அம்மா தைப்பதைப் பார்த்துப் பழகிவிட்டு, அப்புறம் தன் போக்கில் தைப்பதை அங்கே 'மை வே' என்பார்கள். தொழிலாகவும் குடும்பப் பழக்கமாகவும், ரெண்டு விதமான கற்பித்தல் ஒரே ஆளின் கையில் இருந்திருக்கிறது.

2002இல் அந்தக் குவில்ட்கள் ஹூஸ்டன் அருங்காட்சியகத்துக்கும், பிறகு நியூயார்க்கின் விட்னிக்கும் போயின. 2006இல் தபால்தலையாக வந்தன. 2007இல் தைத்தவர்களில் சிலர், தங்களுக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்று வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு அது முடித்துக்கொள்ளப்பட்டது. மேகி இப்போது வாங்குபவரிடம் கணக்கும் கேட்கிறாள்!

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் டீயை நான் அவ்வளவு லேசாகத் தள்ள மாட்டேன். அவளைப் போன்றவர்கள் பார்த்ததால்தான் இதற்கு மதிப்பும் விலையும் வந்தது. படத்தை போனில் சேமித்து வைத்து ரசிக்கிற நாமும் அவள் ஜாதிதானே? அவளிடம் கேட்க வேண்டியது வேறு. நீ பார்க்கிறாய், சரி. செய்தவள் பேர் என்ன? பணம் யாருக்குப் போகிறது? அடுத்ததைத் தைக்க யாருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்?

கடைசிக் கேள்விக்கு மட்டும் கதை பதில் வைத்திருக்கிறது. போர்வையை அக்காவே எடுத்துக்கொள்ளட்டும், அது இல்லாமலும் பாட்டியை என்னால் நினைத்துக்கொள்ள முடியும் என்று மேகி ஒரு இடத்தில் சொல்கிறாள். தோற்றுப் பழகியவளின் பேச்சாக நாம் அதைப் படித்துவிடுகிறோம். பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து ஊசி பிடித்தவள் என்பதால் அவளால் அப்படிச் சொல்ல முடிகிறது என்றும் படிக்கலாம். எனக்கு இந்த இரண்டாவது மேகியைத்தான் பிடித்திருக்கிறது.