எண்ணும் பரம்பரை, கேட்கும் பரம்பரை

போராய்வு மரபுகளைப் பற்றி வெள்ளிவிழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. மாடியறையில் பதினோரு நாற்காலிகளோடு இந்த ஆய்வு வட்டம் கூடிய முதல் மாலையிலிருந்து நான் உறுப்பினன். அன்று பேசிய மூத்தோரில் சிலர் இன்றும் முன்வரிசையில் வந்து அமர்கிறார்கள். அவர்கள் அறியாத எதையும் நான் எழுதிவிடப் போவதில்லை. யார் யாருடைய மாணவர், எந்த நூலுக்கு எந்த நூல் மறுப்பு என்பதெல்லாம் உறுப்பினர்களுக்குத் தெரிந்ததே. அரிச்சுவடியை விட்டுவிட்டு, எந்தப் பரம்பரை எதை ஒழுக்கமாகக் கொண்டது என்பதை மட்டும் பேசுகிறேன்.

போரில் செத்தவர்களை எண்ணும் பரம்பரைக்கு மூலவர் லூயி ஃபிரை ரிச்சர்ட்சன். வானிலைக் கணிதர், குவேக்கர். முதல் உலகப் போரில் துப்பாக்கி தூக்க மறுத்துப் பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். வானிலை அலுவலகம் விமானப்படை அமைச்சகத்தின் கீழ் போனதும், 1920இல், வேலையை விட்டார். தெருக்கொலை முதல் உலகப் போர் வரை எல்லாவற்றையும் பத்தின் அடுக்குகளால் ஆன ஒரே அளவுகோலில் வைத்தார்: ஒருவர் செத்தால் 0, பத்துப் பேர் செத்தால் 1, ஒரு கோடிப் பேர் செத்தால் 7. 1953இல் அவர் மறைந்தபின் 1960இல்தான் அந்தக் கணக்கைச் சொல்லும் நூல் வெளிவந்தது. நீண்ட எல்லையைப் பகிரும் நாடுகள் அதிகம் சண்டையிடுகின்றனவா என்று அளக்கப்போன இடத்தில், தங்களுக்கிடையே உள்ள ஒரே எல்லைக்கு ஸ்பெயின் 987 கிலோமீட்டர் என்றும் போர்ச்சுகல் 1,214 கிலோமீட்டர் என்றும் எழுதி வைத்திருப்பதைக் கண்டார். மாண்டல்பிராட் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கடற்கரைக் கட்டுரைக்கு அதுவே வித்து. எங்கள் சார் இதை ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் சொல்வார். சொல்லிவிட்டு, “நிலத்துல கோடு போட்டு வெச்ச எல்லைக்கே ரெண்டு கணக்குன்னா, ராத்திரியில செத்தவங்களுக்கு எத்தனை கணக்கு இருக்கும்?” என்று கேட்டு நிறுத்துவார்.

ரிச்சர்ட்சனுக்குப் பின் டேவிட் சிங்கர். 1963இல் மிச்சிகனில் தொடங்கிய அவருடைய திட்டம், களத்தில் ஓராண்டில் 1,000 பேர் செத்தால்தான் போர் என்று வரம்பு கட்டியது. பீட்டர் வாலன்ஸ்டீன் வழிவந்த உப்சாலா பள்ளி அந்த வாசற்படியை ஆண்டுக்கு 25 சாவு என்று இறக்கியது. இது வெறும் எண் மாற்றம் அல்ல. ஆண்டுக்கு நானூறு, ஐந்நூறு பேரைத் தின்றுகொண்டு பத்தாண்டு நீடிக்கும் சண்டை முதல் கணக்கில் விழாமல் போகலாம், இரண்டாவதில் தப்பாது. உப்சாலாக்காரர்கள் ஒவ்வொரு சம்பவத்துக்கும் குறைந்த எண்ணிக்கை, நம்பத்தக்க எண்ணிக்கை, கூடிய எண்ணிக்கை என்று மூன்று எண் எழுதுகிறார்கள். எங்கள் சாருக்கு அவர்கள்மேல் தனி மரியாதை வந்ததற்கு அந்த மூன்று பத்திகளே காரணம்.

சாரின் பெயரை இங்கே எழுதினால் கோபித்துக்கொள்வார். உறுப்பினர்களுக்குச் சொல்லவும் வேண்டியதில்லை. 1980களின் பிற்பகுதியில் இலங்கைப் போரைப் பற்றிய செய்திகளை அவர் பத்திரிகைகளிலிருந்து வெட்டிக் கார்டுகளில் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு மாணவனாகச் சேர்ந்தேன். ஒரு சம்பவத்துக்கு ஒரு கார்டு. ஒரே பத்திரிகை சொன்னது பென்சிலில். ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டாவது சான்று கிடைத்தபின் அதன்மேல் மை. கார்டின் வலது மூலையில் “யார் எண்ணியது?” என்று ஒரு கட்டம். ராணுவ அறிக்கையா, இயக்கத்தின் அறிக்கையா, ஆஸ்பத்திரியா, ஊர்க்காரரா? அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கார்டு என் மேசைக்கே திரும்பி வரும்.

ஒருநாள் கிழக்கு மாகாணத்துச் சம்பவங்களுக்கு இரண்டு கார்டு போட்டேன். ஒன்றில் 14 பேர், மற்றதில் 9 பேர். சார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஒரு பத்திரிகை ஊரின் பெயரைப் போட்டிருந்தது, இன்னொன்று பக்கத்து நகரத்தின் பெயரை. தேதியில் ஒருநாள் வித்தியாசம். நடந்தது ஒன்றே. நான் 23 பேரைச் சாகடித்திருந்தேன். “தம்பி, செத்தவனை ரெண்டு தடவை கொல்லாதே,” என்றார். அந்த வாரம் முழுக்க நான் போட்ட கார்டுகள் அத்தனையையும் மறுபடி பார்த்தேன். அப்படி இன்னும் மூன்று இருந்தன.

இடையில், பயங்கரவாதம் எது என்று வரையறுக்கும் பள்ளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அலெக்ஸ் ஷ்மிட் 1980களில் பயங்கரவாதத்துக்கான 109 வரையறைகளைத் திரட்டி, அவற்றில் 22 கூறுகளைப் பிரித்துக் காட்டினார். அதற்குப்பின் 110ஆவது வரையறையை எழுதுவதில் என்ன பெருமை என்று எனக்கு விளங்கியதில்லை. ரிச்சர்ட் ஜாக்சனும் அபெரிஸ்ட்வித் நண்பர்களும் 2008இல் தனி இதழ் தொடங்கி, அரசு செய்யும் வன்முறை ஏன் உங்கள் பட்டியலில் இல்லை என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. எங்கள் கார்டில் “யார் எண்ணியது” என்பதற்கு மேலேயே “யார் கொன்றது” என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அரசுப் படைக்கும் இடம் உண்டு.

போரில் ஈடுபட்டவர்களும் அதைக் கண்டவர்களும் சொல்வதைக் கேட்கும் பரம்பரைக்கு வருவோம். மார்த்தா கிரென்ஷா அல்ஜீரிய விடுதலை முன்னணியை ஆராய்ந்து, 1981இல் எழுதிய கட்டுரையில், குண்டு வைப்பவன் பித்தன் அல்ல, கணக்குப் போட்டு நடப்பவன் என்று நிறுவினார். டொனடெல்லா டெல்லா போர்ட்டா இத்தாலிய, ஜெர்மானியத் தலைமறைவுக் குழுக்களில் இருந்தவர்களின் வாழ்க்கைக் கதைகளைப் படித்தார். எலிசபெத் வுட் எல் சால்வடோரின் உசுலுத்தான் பகுதியில் குடியானவர்களிடம் பெரிய தாள்களைக் கொடுத்து, போருக்கு முன் நிலம் யாரிடம் இருந்தது, பின் யாரிடம் இருக்கிறது என்று வரையச் சொன்னார். எழுதப் பழகாத கைகள் வரைந்த அந்தப் படங்கள் 2003இல் வந்த அவருடைய நூலில் இருக்கின்றன. வாய்ப்புக் கிடைப்பவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆற்றின் வளைவு முதல் வேலி வரை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் மொழிக்கு மிக அருகில் ‘முறிந்த பனை’. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர், போர் நடந்துகொண்டிருந்த ஊரிலேயே இருந்துகொண்டு, இலங்கைப் படை, இந்தியப் படை, இயக்கங்கள் என்று எவரையும் விடாமல் எழுதியது. அவர்களில் ஒருவரான ரஜனி திராணகம மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர். 1989 செப்டம்பர் 21 அன்று வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அச்சான நூலை அவர் கண்டாரில்லை. சார் அந்த நூலுக்குக் கார்டு போட விடவில்லை. “இதைக் கார்டுல அடைக்க முடியாது, முழுசாப் படி,” என்றார். எண்ணும் பரம்பரையில் வந்த ஒருவர் கேட்கும் பரம்பரைக்குச் செய்த வணக்கமாகவே அதை இன்றும் நினைக்கிறேன்.

கேட்பதற்கு விலையும் உண்டு. பாஸ்டன் கல்லூரி 2001 முதல் 2006 வரை வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுததாரிகளிடம், சாகும்வரை வெளியிடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துப் பதிவுசெய்த நாடாக்களை, 2011இல் வட அயர்லாந்துக் காவல்துறை சட்டத்தின் வழியே கேட்டது. கல்லூரியின் வாக்கு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே சாரின் நேர்காணல் நோட்டுகளில் பெயர் இருக்காது, ஊர் இருக்காது.

இனி மனத்தாங்கல். யாரையும் குறிவைத்துச் சொல்லவில்லை. நம் வட்டத்தில் கட்டுரை வாசித்தவர்களை நிச்சயமாகச் சொல்லவில்லை. ஆண்ட்ரூ சில்க் 2001இலேயே, இந்தத் துறையில் பெரும்பகுதி பிறர் எழுதியதை மாற்றி எழுதுவதே என்று காட்டினார். மார்க் சேஜ்மன் 2014இல் துறை தேங்கிவிட்டது என்றார். பின்னர் பார்ட் ஸ்கூர்மன் 2007 முதல் 2016 வரை வந்த கட்டுரைகளை ஆராய்ந்து, முதல்நிலைச் சான்று கூடியிருக்கிறது என்று ஆறுதல் சொன்னார். மறுக்கவில்லை. கூடியது எப்படிக் கையாளப்படுகிறது என்பதுதான் என் கவலை.

சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர்க் கருத்தரங்கு ஒன்றில் ஓர் இளைஞர் 1970இலிருந்து உலகப் பயங்கரவாதத் தாக்குதல்களின் வரைபடத்தைத் திரையில் போட்டார். 1993இல் கோடு தரையைத் தொட்டு மறுபடி எழுந்தது. அது ஓஸ்லோ உடன்பாட்டின் விளைவு என்று விளக்கினார். அவையில் ஒருவரும் அசையவில்லை. அந்தத் தரவு பிங்கர்ட்டன் நிறுவனத்தார் பல்லாண்டுகள் கார்டுகளில் எழுதிச் சேர்த்தது. மேரிலாந்து பல்கலைக்கழகம் பெட்டி பெட்டியாக வாங்கிக் கணினியில் ஏற்றியது. 1993ஆம் ஆண்டின் கார்டுகள் அலுவலகம் இடம் மாறியபோது தொலைந்துபோயின. முதன்மைத் தொகுப்பில் அந்த ஆண்டே இல்லை. கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். மார்ச்சில் பம்பாயில் 257 பேர் செத்த ஆண்டு அது. மே தினத்தன்று கொழும்பில் ஜனாதிபதி பிரேமதாச கொல்லப்பட்டார். ஆகஸ்டில் இந்தச் சென்னையில், சேத்துப்பட்டில், 11 பேர் மாண்டார்கள். அந்த ஆண்டை அமைதி ஆண்டு என்று திரையில் காட்டி, கைதட்டலும் வாங்கிக்கொண்டு போனார் அந்த இளைஞர்.

ஒருவரின் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம் என்பார்கள். விட முடியவில்லை. கையேட்டைப் படிக்காதவர் எண்ணைப் படிக்கத் தகுதியற்றவர். ராபர்ட் பேப் 1980 முதல் 2003 வரையிலான 315 தற்கொலைத் தாக்குதல்களை ஆராய்ந்தார், அவற்றில் 76 விடுதலைப் புலிகளுடையவை. ஆக்கிரமிப்பே காரணம் என்ற அவர் முடிவை, தாக்குதல் நடந்த இடங்களை மட்டும் பார்த்துக் காரணம் சொல்ல முடியாது என்று ஆஷ்வொர்த்தும் வேறு மூவரும் 2008இல் மறுத்தார்கள். அது அறிஞர் சண்டை, இரு தரப்பும் கணக்கோடு வந்தது. இன்று நான் மதிப்பீட்டுக்கு வாங்கும் கட்டுரைகளில் எண் இருக்கிறது, எண்ணியவர் இல்லை. 2004 மாட்ரிட், 2005 லண்டன் குண்டுவெடிப்புகளுக்குப் பின் ‘தீவிரமயமாதல்’ என்ற சொல் பரவியது. மொகதம் 2005இல் அதற்கு ஒரு மாடிப்படி உருவகம் தந்தார். இப்போது ஒரே ஒரு இளைஞனிடம்கூடப் பேசாமல் அந்தப் படிகளில் ஏறி இறங்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் படம், எல்லாவற்றுக்கும் அம்புக்குறி. அடிக்குறிப்பைத் திறந்தால் இன்னொருவரின் அடிக்குறிப்பு. கேள்வி நேரத்தில் செல்போன். மூத்தவர் ஒருவர் எழுந்து “மூலம் எது?” என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். மூலத்தைக் கேட்பது அநாகரிகமாகிவிட்ட துறையில் இனி யார் போய்ச் சாவை எண்ணுவார்கள்? இதைவிடப் பெரிய வீழ்ச்சி நம் துறையில் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சென்ற தையில் சார் வீடு மாறினார். வயது எண்பத்து நான்கு. லாரி வருவதற்கு முதல்நாளே கார்டுப் பெட்டிகளை ஆட்டோவில் என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மொத்தம் ஆறு தகரப் பெட்டிகள். வட்டத்தின் நூலகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கியிருக்கிறேன். மூன்றாவது பெட்டியின் கீல் உடைந்திருக்கிறது, திறக்கும்போது மூடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பென்சில் எழுத்துகள் மங்கத் தொடங்கிவிட்டன. ஸ்கேன் செய்துதர முன்வரும் உறுப்பினர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். பென்சில் எழுத்தின்மேல் யாரும் மை போட வேண்டாம் என்று சார் சொல்லி அனுப்பியிருக்கிறார்.