நெருப்பு நாட்டாரின் முகம்

சிறுவர் பார்க்கும் சித்திரத் தொடர் ஒன்றையும், அதனைத் தழுவி மனிதர் நடித்த இரண்டு ஆக்கங்களையும் பற்றி எழுதப் புகுகின்றேன். காத்திரமான விடயங்கள் நிற்கவேண்டிய பக்கத்தில் இதற்கு என்ன வேலை என்று முகஞ்சுளிப்போர் இருக்கலாம். சிறுவர் கலையைச் சில்லறைக் கலையென ஒதுக்கும் பண்டிதப் போக்கு நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. ஆனால் நம் மாணவர் பாடநூலிற் படிப்பதைக் காட்டிலும் திரையிற் காண்பதையே நெஞ்சில் ஆழப் பதித்துக் கொள்கின்றனர் என்பதை வகுப்பறையில் நிற்கும் எவரும் அறிவர். அன்றியும், நான் இங்கே நடுநிலை விமரிசகன் வேடம் பூணப் போவதில்லை. நான் இத்தொடரின் ரசிகன். தம்பிலுவிலில் என் வீட்டு விறாந்தையில், மாலை வகுப்பு முடிந்தபின் பிள்ளைகளோடு பிள்ளையாக அமர்ந்து அதனை மும்முறை முழுமையாகப் பார்த்தவன்.

‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ என்பது தொடரின் பெயர். அமெரிக்காவின் நிக்கலோடியன் தொலைக்காட்சியில் 2005 பெப்ரவரி முதல் 2008 யூலை வரை 61 அத்தியாயங்களாக வெளிவந்தது. மைக்கேல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கொனீட்ஸ்கோ என்னும் இருவர் அதனைப் படைத்தனர். நீர், நிலம், நெருப்பு, காற்று என நான்கு மக்களினங்கள். ஒவ்வோரினத்திலும் தத்தம் பூதத்தைக் கையசைவால் ஏவும் ஆற்றல் சிலர்க்கு வாய்த்திருக்கின்றது. நெருப்பு நாட்டார் ஏனைய மூவர் மீதும் நூறாண்டுக் காலம் போர் தொடுக்கின்றனர். காற்று மக்களை அவர்கள் வேரோடு அழித்துவிட்டனர். எஞ்சியவன் பனிக்குள் நூறாண்டு உறைந்து கிடந்த ஆங் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனே.

இந்த அளவில் இது மாயாஜாலக் கதைதான். ஆயினும் அந்த மாயாஜாலத்தின் அடியில் ஓடும் அரசியல் மாயமன்று. நெருப்பு நாட்டின் இரும்புக் கப்பல்கள் நிலக்கரியில் ஓடுகின்றன. கைத்தொழிலில் முந்திய அந்நாடு, தன் செழிப்பைப் பிறரோடு பகிர்ந்து கொள்வதாகச் சொல்லியே படையெடுக்கின்றது. இப்பசப்பு மொழியைப் போர்த்துக்கேயர் தொட்டு ஆங்கிலேயர் வரை கேட்ட கரை நம்முடையது. ஓர் அத்தியாயத்தில் ஆங் வேற்றுருக் கொண்டு நெருப்பு நாட்டுப் பாடசாலையொன்றினுள் நுழைகின்றான். அங்கே அவனது இனத்துக்குப் பெரும்படை இருந்ததாகவும், அது போர்க்களத்தில் வீழ்ந்ததாகவும் பாடம் நடக்கின்றது. படையே இல்லாதிருந்த மக்கள் அவர்கள். அவன் எழுந்து நின்று அதனைச் சொல்கின்றான். இன்னோரிடத்தில், போர் நடப்பதை வாயெடுத்துச் சொல்வதே குற்றமென விதித்த மாநகரம் ஒன்று வருகின்றது. இத்தீவில் வளர்ந்தோர்க்கு அதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

வேறொன்றும் உண்டு. படைத்தோர் அமெரிக்கராயினும், தாம் எங்கிருந்து கடன் பெற்றோம் என்பதை மறைக்கவில்லை. நீர் மக்கள் துருவத்து இனுயிற்று மக்களின் சாயல் கொண்டோர். காற்று மக்கள் திபெத்தியத் துறவியரைப் போன்றோர். நில மக்களின் நகரும் உடையும் சீனத்தைச் சார்ந்தவை. நெருப்பு நாட்டின் பேரரசுவெறியில் இருபதாம் நூற்றாண்டு முற்பகுதி ஜப்பானின் நிழல் தெரிகின்றது. நீரை ஏவுவோர் தாய்-சி அசைவுகளையும், நெருப்பை ஏவுவோர் வட சாவோலின் அசைவுகளையும் கைக்கொள்கின்றனர். கோடுகளால் வரைந்த உருவங்கள்தாம். எனினும் ஆசிய மக்களின் குழந்தைகள் தம்மைக் கதைநாயகராகக் கண்ட அமெரிக்கத் தொடர்கள் எத்தனை இருந்தன?

2010 யூலையில் இக்கதையை மனிதர் நடித்த திரைப்படமாகப் பரமவுண்ட் நிறுவனம் வெளியிட்டது. இயக்கியவர் எம். நைட் சியாமளன். புதுச்சேரியைச் சேர்ந்த மாகேயிற் பிறந்து பென்சில்வேனியாவில் வளர்ந்தவர். தந்தையார் மலையாளி, தாயார் தமிழர். தம் மகள் இத்தொடரில் கொண்ட மோகமே தம்மை இதன்பால் ஈர்த்ததென அவர் கூறியிருக்கின்றார். ஆசிய வேர்கொண்ட ஒருவர் கையில் ஆசிய வேர்கொண்ட கதை சேர்ந்ததே என்று நானும் மகிழ்ந்தேன். நம்மவர் என்ற சொல் எத்துணை எளிதில் நம்மை மயக்கிவிடுகின்றது!

திரையிற் கண்டது யாது? ஆங், கட்டாரா, சொக்கா என்னும் நாயகர் மூவரும் வெள்ளையர். தென்துருவத்து ஊரில் கூட்டமாக நிற்போர் துருவத்து மக்களின் முகங்கொண்டிருக்க, அவர் நடுவே கட்டாராவும் அவள் அண்ணனும் பாட்டியும் மட்டும் வெள்ளை முகத்தினர். நில மக்களாக நடித்தோர் கிழக்காசியர். அவர்கள் மீட்கப்படும் கூட்டம் மட்டுமே. நெருப்பு நாட்டுக்கு வருவோம். இளவரசன் சூக்கோவாக இந்திய வமிசாவளி தேவ் பட்டேல். தளபதி சாவோவாக மும்பாயிற் பிறந்த ஆசிப் மாண்ட்வி. சூக்கோவின் பெரியதந்தை ஐரோவாக ஈரானிற் பிறந்த சோன் டூப். அரசனாக நியூசிலாந்தின் மாவோரி நடிகர் கிளிஃப் கர்ட்டிஸ். முதலில் சூக்கோவுக்கும் ஒரு வெள்ளை நடிகரே தெரிவாகியிருந்தார். அவர் விலகியபின் பட்டேல் வந்தார்.

உலகைக் கப்பலேறிச் சென்று கொள்ளையிட்டோரின் முகம் யாதென வரலாறு அறியும். அம்முகத்தைக் கொள்ளை கொடுத்தோர்க்கு அணிவித்து, மீட்பனின் முகத்தைக் கொள்ளையிட்டோரின் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தது இப்படம். வேண்டுமென்றே செய்த சதியென்று நான் சொல்லவில்லை. சதியாக இருந்திருப்பின் இத்துணைக் கவலை எழாது. நாயகனென்றால் வெள்ளை, பகைவனென்றால் கபிலம் என்பது ஹொலிவுட்டில் எண்ணிப் பாராமலே கை எழுதும் எழுத்தாகிவிட்டது. அக்கரைப்பற்றிலிருந்து வரும் என் நண்பர், அவரும் ஆசிரியர், ஆங்கிலச் செய்திகளில் தம் சமூகத்தார் எப்போது தோன்றுவர், எவ்வாறு தோன்றுவர் என்பதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவர். நெருப்பு நாட்டு அரசவை திரையில் வந்தபோது, தாம் எங்கே இருப்போமெனத் தேடவேண்டிய சிரமம் இந்தப் படத்தில் இல்லையென்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படத்துக்கு எதிராக அமெரிக்காவின் ஆசிய வழி ரசிகர் 2008 இறுதியிலிருந்தே குரலெழுப்பினர். பல நிறத்தாரும் நடித்த பெரும்படம் இதுவென இயக்குநர் விடை கூறினார். நிறங்கள் பல இருந்தன என்பது மெய்யே. எந்த நிறத்துக்கு எந்த வேலை என்பதுதான் கேள்வி. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சித்திரத் தொடரில் பெயர்களை ஆங்கில நாவுக்கு ஏற்ப உச்சரித்தது பிழையென்று கருதி, ஆங், ஐரோ முதலிய பெயர்களின் ஒலியை ஆசிய முறைக்கு மாற்றினார் சியாமளன். பெயரின் ஒலி ஆசியாவுக்குத் திரும்பிற்று, பெயருக்குரியவன் திரும்பவில்லை.

முகத்தோடு நின்றிருந்தால் இதனை நடிகர் தெரிவின் குறையென்று விட்டுவிடலாம். கதையின் உள்ளேயும் அதே நோய் பரவியிருப்பதற்கு ஓர் இடத்தைச் சற்று நின்று காட்ட விரும்புகின்றேன்.

சித்திரத் தொடரின் முதற் பாகம், ஆறாம் அத்தியாயம். நெருப்பு நாட்டார் பிடித்துக்கொண்ட ஒரு சுரங்க ஊர். அங்கே நிலத்தை ஏவ வல்லோர் அனைவரையும் சிறைப்பிடித்துச் சென்றுவிட்டனர். ஹாரு என்னும் இளைஞன் தன் ஆற்றலை மறைத்து வாழ்கின்றான். சுரங்கம் இடிந்து ஒரு முதியவர் சிக்கிக் கொள்ள, அவன் மண்ணை விலக்கி அவரைக் காக்கின்றான். காப்பாற்றப்பட்ட அந்த முதியவரே அவனைக் காட்டிக் கொடுக்கின்றார். அச்சம் மனிதரை எந்நிலைக்குத் தாழ்த்துமென்பதைச் சிறுவர் தொடரொன்று இத்துணை நேர்மையாகச் சொன்னது. சிறை எங்கே? நடுக்கடலில், முழுதும் உலோகத்தால் ஆன தளம் ஒன்றில். அங்கே ஒரு பிடி மண் இல்லை. ஆள்வோன் மூடனல்லன், இம்மக்களின் வலிமை எங்கிருந்து பிறக்கின்றதென அறிந்தே அவர்களை மண்ணிலிருந்து பிரித்திருக்கின்றான்.

கட்டாரா தானாகச் சிறைபுகுந்து, எழுச்சிப் பேச்சொன்று நிகழ்த்துகின்றாள். ஒருவரும் அசையவில்லை, கஞ்சிக் கோப்பைக்குத் திரும்பிவிடுகின்றனர். (மேடைப்பேச்சால் மக்கள் எழுந்துவிடுவர் என்று நம்பும் நம் தோழர் சிலர் இக்காட்சியை ஒருமுறை காண்பது நலம்.) பின்னர் கப்பல்களுக்கென வைத்திருந்த நிலக்கரியை ஆங்கும் சொக்காவும் தளத்தின் மேல் கொட்டச் செய்கின்றனர். அப்போதும் சிறைப்பட்டோர் தயங்குகின்றனர். காவலதிகாரி எள்ளி நகைக்கின்றான். ஹாரு ஒரு கரித்துண்டை அவன் தலையில் எறிகின்றான். சீறி வரும் நெருப்பைத் தடுக்க அவன் தந்தை கையுயர்த்திய கணத்திலேதான் மற்றவர் எழுகின்றனர். அவர்கள் ஊர் வெட்டியெடுத்து, எதிரியின் கப்பலுக்கு ஊட்டிய அதே கரி.

திரைப்படம் இதனை என்ன செய்தது? நில மக்களின் சிறையை வெட்டவெளியில், மண்தரையில் அமைத்தது. சுற்றிலும் மலை, காலடியில் மண். அவர்கள் வாளாவிருக்கின்றனர். வெள்ளைச் சிறுவன் வந்து, உங்கள் காலடியில் மண் இருக்கின்றதே என்று உணர்த்தியபின் போரிடுகின்றனர். இது கதையமைப்பின் ஓட்டை என்று ரசிகர் பலரும் நகைத்தனர். நகைத்ததோடு அமைய எனக்கு மனமில்லை. முதற்கதையில் மக்கள் அடிமைப்பட்டதற்குக் காரணம் ஆள்வோனின் தந்திரம். இரண்டாவதில் காரணம் அவர்களின் மந்தபுத்தி. தம் நிலத்தில் நின்றுகொண்டே தம் வலிமை அறியாத மக்கள், அறிவுறுத்த வெளியிலிருந்து வரும் ஒருவன்! குடியேற்ற ஆட்சியின் அலுவலர் நம் மூதாதையரைப் பற்றி எழுதிவைத்த அறிக்கைகளில் நாம் கண்ட கதையன்றோ இது?

மூலத்தை மாற்றியதே குற்றமென்று நான் வாதிடுவதாக எவரும் எண்ணலாகாது. நான் கண்ணகையம்மன் கோயிலின் சடங்கைக் கண்டு வளர்ந்தவன். வைகாசியில் எம்மூரில் பாடப்படும் வழக்குரையிலே கண்ணகை மாங்கனியிற் பிறக்கின்றாள். இளங்கோவின் காப்பியத்தில் அச்செய்தி இல்லை. காப்பியம் சடங்காயிற்று, அகவல் பாட்டாயிற்று, எரிந்த மதுரைக்குப் பின் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியும் சேர்ந்தது. எத்தனை மாற்றம்! ஆனால் கோவலனைக் கொன்ற பழியைப் பாண்டியன் தலையிலிருந்து இறக்கிக் கொல்லன் ஒருவன் மீது மட்டும் சுமத்திவிட எம் பாடுவோர் துணியவில்லை. வழக்கு அரசவையிலேதான் நடக்கின்றது. அதுபோலவே, 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொண்டு சென்றபோது, விடியவிடிய ஆடுவதை ஓரிரு மணி நேரத்துக்குச் சுருக்கினார். சுருக்கியதால் கூத்தின் உயிர் போய்விடவில்லை. ‘இராவணேசன்’ அதற்குச் சான்று. இருபது அத்தியாயங்களை 103 நிமிடத்தில் அடைத்தார் என்ற முறைப்பாட்டை ஆகையால் நான் பெரிதாகக் கொள்வதில்லை. கதை எவ்வடிவம் எடுப்பினும், பழி எவர்மேல் விழுகின்றது, வலிமை எவரிடம் உள்ளது என்னும் இரண்டையும் இடம்பெயர்த்தால் அது தழுவலன்று, எதிர்க்கதை.

படத்தின் இறுதியில் ஒரு பேரலை வருகின்றது. ஆங் கடலை உயர்த்தி நிறுத்துகின்றான். நெருப்பு நாட்டுக் கப்பல்கள் அஞ்சித் திரும்ப, அலை அமைதியாகத் தாழ்ந்துவிடுகின்றது. 2004 டிசெம்பர் 26 அன்று இக்கரையில் நின்றவர் எவரும் அக்காட்சியை வெறும் கண்காட்சியாகப் பார்க்க இயலாது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோன கடல் அது. பேரலையைக் காட்டவே கூடாதென நான் கூறவில்லை. சித்திரத் தொடரிலும் கடல் எழுகின்றது, அழிக்கவும் செய்கின்றது. ஆனால் அடுத்த பாகம் தொடங்கும்போது அந்தச் சிறுவன் தான் செய்ததைக் கனவிற் கண்டு அலறி எழுகின்றான். தன் ஆற்றலுக்குத் தானே அஞ்சுகின்றான். 15 கோடி டொலர் செலவிட்ட படத்தில் அந்த அச்சத்துக்கு இடமில்லை. அன்று எங்களோடிருந்து பார்த்த பிள்ளையொருத்தி, சுனாமியிலே தாயை இழந்தவள், அலை தாழ்ந்தபோது எழுந்து உள்ளே போய்விட்டாள். படத்தை நிறுத்தினேன். மிகுதியைப் பின்னொரு நாள் தனியாகவே பார்த்து முடித்தேன்.

2024 பெப்ரவரியில் நெட்பிளிக்ஸ் நிறுவனம் எட்டு அத்தியாயங்களாக இக்கதையை மீண்டும் நடிகரைக் கொண்டு எடுத்தது. தொடக்கத்தில் பங்கேற்ற மூலப் படைப்பாளர் இருவரும் 2020இல் விலகிவிட்டனர். முகங்கள் இம்முறை உரியவர்க்குத் திரும்பின. பதினைந்தாண்டு ரசிகர் கூக்குரல் வீண்போகவில்லை. நன்று ஒன்றையும் மனமாரச் சொல்லவேண்டும். சூக்கோவின் முகத்தைத் தந்தையே சுட்டதன் காரணம், புதிதாய்ச் சேர்ந்த படைவீரரைப் பலிகொடுக்கும் திட்டத்தை அவன் அரசவையில் எதிர்த்தமை. அவன் காப்பாற்ற முனைந்த அதே 41ஆம் பிரிவினரே நாடுகடத்தப்பட்ட அவனது கப்பலின் மாலுமிகளென நெட்பிளிக்ஸ் தொடர் அமைத்தது. மூலத்தில் இல்லாத இச்சேர்க்கை மூலத்தின் உள்ளத்தை அறிந்து செய்யப்பட்டது. உண்மை தெரிந்தபின் அம்மாலுமிகள் அவனை வணங்கி நிற்கும் காட்சியில் என் கண் கலங்கிற்று.

ஆனால் வேறு பிணி தலைகாட்டுகின்றது. சித்திரத் தொடரில் ஆங் தன் கடமைக்கு அஞ்சி ஓடிப்போனான், ஓடியதால் உறைந்தான், உறைந்திருந்தபோது அவன் மக்கள் அழிந்தனர். அக்குற்றவுணர்வே அவனை வளர்த்தது. நெட்பிளிக்ஸ் தொடரிலோ அவன் மனந்தெளியச் சற்று வெளியே பறந்து சென்றபோது புயலிற் சிக்கிக் கொள்கின்றான், அவ்வளவே. சொக்கா பெண்களை இழித்துப் பேசிப் பின் பெண்களிடமே போர்க்கலை கற்று வெட்கித் திருந்துவான். இப்போது இழித்த பேச்சையே பெரிதும் குறைத்துவிட்டனர். எவர் மனமும் நோகலாகாதென்ற எண்ணமாக இருக்கலாம். ஆனால் ஆணவத்தைத் திரையிலிருந்து நீக்கினால் அது வீட்டிலிருந்து நீங்கிவிடுமா? என் வகுப்பில் தங்கையைச் சமையலுக்கு அனுப்பிவிட்டு வந்து அமரும் பையன்கள் இருக்கின்றனர். பழைய சொக்காவைக் கண்டு அவர்கள் முதலில் கைதட்டினர். அவன் தோற்றுத் தலைகுனிந்து கற்கத் தொடங்கிய இடத்தில் அவர்களும் மௌனமாயினர். புதிய சொக்காவிடம் அவர்களுக்குத் தலைகுனிய ஒன்றுமில்லை.

நெட்பிளிக்ஸ் தொடர் முடிந்த மறுவாரம், பிள்ளைகள் பழையதையே போடச் சொன்னார்கள். எந்த அத்தியாயம் என்றேன். சொக்காவுக்கு முன்பு கைதட்டிய பையன்களில் ஒருவனே, கரி கொட்டுகின்ற கதை என்றான்.